பொன்னையா எழுந்து போனார்

பொன்னையா மாமா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு இறங்கினால், அன்றைக்கு யாரோ ஒருவர் காணி வாங்கப் போகிறார் என்று எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கெல்லாம் தெரிந்துவிடும். யார் என்பதுதான் தெரியாது. தெரிந்திருந்தால் யாராவது போய்த் தடுத்திருக்கக்கூடும்.

நமுனுகுல மலையடியில் எங்கள் தேயிலைத் தோட்டம். அதன் கீழ் டிவிசனில் எங்கள் காம்பராவுக்கு அடுத்த காம்பராதான் அவருடையது. நடுவில் ஒரு சுவர்; அதுவும் கூரை வரைக்கும் எழும்பாத சுவர். அவர் இருமினால் எங்கள் வீட்டில் கேட்கும், பொய் சொன்னாலும் கேட்கும். சொந்தமில்லாவிட்டாலும் லயத்து வழக்கப்படி அவர் எனக்கு மாமா, அவர் மனைவி இராக்கம்மா எனக்கு அத்தை.

மாமாவுக்கு விடியற்காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் போய் நின்று பேர் கொடுப்பது இளமையிலேயே பிடிக்கவில்லை. அத்தை கொழுந்து பறித்துக் குடும்பத்தை ஓட்ட, அவர் ஒரு லயத்து மாட்டை இன்னொரு லயத்துக்கு விற்றுக் கொடுத்துக்கொண்டிருந்தார். பால் வற்றிய மாட்டைக் கன்றோடு நிறுத்திக் காட்டுவதில் அவர் கெட்டிக்காரர் என்று சொல்வார்கள். கன்று வேறு மாட்டினுடையது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், தோட்டத்தை விட்டு விலகியவர்களின் கையில், சம்பளத்தில் பிடித்து வைத்த சேமலாபக் காசு வரத் தொடங்கியதும் அவர் மாட்டை விட்டுக் காணிக்கு வந்தார். முறையை மாற்றவில்லை. கன்றுக்குப் பதிலாக மழையை வைத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

கார்த்திகைக்கும் தைக்கும் இடையில்தான் அவர் காணி காட்டுவார். அந்த மாதங்களில் எங்கள் ஊவாப் பக்கத்தில் எந்தக் கல்லைப் புரட்டினாலும் தண்ணீர் வரும். சரிவெல்லாம் பச்சை பிடித்திருக்கும். மூலையில் ஓர் ஊற்று சலசலக்கும். அந்த ஊற்றைக் காட்டி, கிணறு வெட்டும் செலவு மிச்சம் என்பார். ஆடியில் போய்ப் பார்த்தால் அங்கே ஊற்று இருந்ததற்கு அடையாளமாக ஈரம்கூட இருக்காது. எங்கள் அப்பா வாங்கிய துண்டும் அப்படிப்பட்டதுதான். இன்றைக்கும் அதில் மானாப்புல் நிற்கிறது. நாங்கள் இன்றைக்கும் லயத்தில் இருக்கிறோம்.

விற்கிறவர்கள் பெரும்பாலும் பதுளையைச் சுற்றியிருந்த சிங்களச் சிறு காணிக்காரர்கள். வாங்குகிறவர்கள் எங்கள் ஆட்கள். எங்கள் ஆட்களுக்குச் சந்தையில் கத்தரிக்காய் வாங்கும் அளவுக்குச் சிங்களம் தெரியும். காணி வாங்குமளவுக்குத் தெரியாது. மாமாவுக்கும் நல்ல சிங்களம் இல்லை. ஆனாலும் இரண்டு பக்கத்துப் பேச்சும் அவர் வாய் வழியாகத்தான் போக வேண்டும். உள்ளே போன விலை வெளியே வரும்போது கொஞ்சம் பருத்திருக்கும்.

அவருடைய தொழிலின் உச்சக்கட்டம் எழுந்து போவது. அதை அவர் பஸ்ஸிலேயே வாங்குகிறவருக்குச் சொல்லிக் கொடுத்துவிடுவார். விலை பேசும்போது ஒரு கட்டத்தில் மாமா தொடையைத் தட்டுவார். உடனே வாங்குகிறவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு எழுந்துவிட வேண்டும். ஒரு வார்த்தை பேசக்கூடாது. வீதி வளைவு வரைக்கும் நடக்க வேண்டும். முக்கியமாக, திரும்பிப் பார்க்கக் கூடாது. திரும்பிப் பார்த்தவனுக்கு விலை ஏறும் என்பது அவருடைய சித்தாந்தம். வளைவில் போய் நின்றால் கொஞ்ச நேரத்தில் செருப்பு படபடக்க, குடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மாமா ஓடி வருவார். காணி முதலாளி விலை இறங்கிவிட்டார் என்பார்.

வீரய்யா கங்காணிக்குக் காணி வாங்கிக் கொடுத்த கதையை லயத்தில் எல்லோரும் சொல்வார்கள். கங்காணியாருக்கு முழங்கால் வலி. எழுந்து போகச் சொன்ன இடத்தில் எழும்ப முடியவில்லை. மாமா தொடையைத் தட்டுகிறார், தட்டுகிறார், கங்காணியார் உட்கார்ந்தே இருக்கிறார். கடைசியில் மாமாவே அவரைக் கையைப் பிடித்துத் தூக்கி, கோபமாகப் போகச் சொல்லி அனுப்பி, பிறகு அவரே பின்னால் ஓடிப்போய்க் கூட்டிவந்தாராம். விற்கிறவர் வீட்டுப் பிள்ளைகள் இதையெல்லாம் வாசலில் நின்று பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தன. சிரிக்காமல் என்ன செய்யும்? விலை முந்தின நாளே பேசி முடிந்திருந்தது. மாமாவும் விற்கிறவரும் சேர்ந்து பேசிய விலை அது. இறங்குவதற்கென்றே அதன் மேல் கொஞ்சம் ஏற்றி வைத்திருந்தார்கள்.

இதெல்லாம் அப்பாவுக்கு இன்றைக்கும் தெரியாது என்று சொல்ல முடியாது. தெரியும். ஆனாலும் அந்த வறண்ட துண்டைப் பற்றிப் பேச்சு வந்தால் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார்.

“நான் எந்திரிச்சுப் போனேன்ல, அதான் எறங்கினான்” என்பார்.

பொன்னையா மாமா விற்ற உண்மையான சரக்கு அதுதான் என்று நினைக்கிறேன். தோட்டத்துத் தொரைக்கு முன்னால் கையைக் கட்டி நின்ற மனிதர்கள், ஒரு முதலாளியின் முற்றத்திலிருந்து முதுகைக் காட்டிக்கொண்டு எழுந்து போவதும், அந்த முதலாளி ஆள் அனுப்பித் திருப்பிக் கூப்பிடுவதும். அதற்கு அவர்கள் கொடுத்த விலை அதிகமா குறைவா என்று பேராதனையில் நான் படித்த பொருளியலை வைத்துக் கணக்கிட முடியவில்லை. இதை எழுதும்போதே மாமாவுக்கு நான் வக்காலத்து வாங்குகிறேனோ என்று சந்தேகம் வருகிறது. இல்லை. அவர் எங்கள் அப்பாவுக்குத் தண்ணீரில்லாத காணியை விற்றார். அதை மறக்க நான் தயாரில்லை.

இரண்டாயிரம் பிறந்த பிறகு மாமாவின் காலம் மெல்லத் தேயத் தொடங்கியது. லயத்துப் பிள்ளைகள் கொழும்புக் கடைகளில் நின்று அவரைவிட நல்ல சிங்களம் பேசிக்கொண்டு வந்தார்கள். அடுத்து கையில் போன் வந்தது. விற்கிறவரும் வாங்குகிறவரும் நம்பரை மாற்றிக்கொண்டு, மாமாவை பஸ் ஸ்டாண்டில் விட்டுவிட்டுப் போய்ப் பேசி முடித்தார்கள். மாமா நொந்து போனார். “போன்ல பேசி வாங்குற காணி போனோடயே போயிரும்” என்று சாபமிட்டுக்கொண்டு திரிந்தார். கடைசியாகக் கம்பனிகள் வந்தன. பழைய தேயிலைக் காணிகளை மொத்தமாக வாங்கி, மண்வெட்டும் இயந்திரம் விட்டுப் பாதை போட்டு, கல் நட்டு, கலர் கொடி கட்டி, வான் வண்டியில் ஒலிபெருக்கி வைத்து, துண்டு துண்டாக விற்றன. பதுளைச் சந்தியில் துண்டுப் பிரசுரம் கொடுத்தார்கள். அதில் எங்கள் ஊரில் இல்லாத வெள்ளைக்காரப் பிள்ளை ஒன்று புல்லில் ஓடிக்கொண்டிருந்தது. பொய் சொல்வதில் கம்பனிக்காரர்கள் மாமாவுக்குச் சளைத்தவர்கள் அல்லர். வழவழப்பான தாளில் சொன்னார்கள், அதுதான் வித்தியாசம்.

மாமா இதற்கெல்லாம் அசைந்து கொடுக்கவில்லை. இது மழைக்கு முளைத்த காளான், ஆளில்லாமல் வியாபாரம் எப்படி நடக்கும் என்று கேட்டார். வெள்ளைச் சட்டையைச் சலவை செய்து மடித்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். யாரும் வரவில்லை. அவர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வருடங்களில் நானும் பட்டத்தை முடித்துக்கொண்டு, நேர்முகத்துக்குக் கூப்பிடுவார்கள் என்று அதே வாசலில்தான் உட்கார்ந்திருந்தேன். அதனால் அவரை நன்றாகப் பார்க்க முடிந்தது.

இவ்வளவு காணி விற்ற மனிதருக்குச் சொந்தமாகக் கையகலக் காணி கிடையாது. அத்தையிடம் அதைக் கேட்டுக் கிண்டல் செய்யாத பெண்கள் கொழுந்து மலையில் இல்லை. அத்தைக்கும் பதில் தயாராக இருக்கும்.

“அவருகிட்ட காணி வாங்க நான் என்ன கிறுக்கியா?”

அவர் வருஷாவருஷம் ஏதாவதொரு துண்டைக் காட்டத்தான் செய்தார். அத்தை போய்ப் பார்ப்பதும், ஆடி வரட்டும் என்று சொல்லிவிட்டுத் திரும்புவதுமாகக் காலம் போனது. ஆடி வந்ததும் மாமா அந்தத் துண்டைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிடுவார்.

ஆனால் அத்தையாலும் இனித் தள்ளிப்போட முடியாத நிலை வந்தது. அவருக்கு ஓய்வு வயது வந்து தோட்டத்தில் பேர் வெட்டினார்கள். ஒரே மகன் கொழும்பில். வேலை செய்கிற ஆள் இல்லாத காம்பராவைத் தீபாவளிக்கு முன்னால் ஒப்படைக்கச் சொல்லித் தோட்டக் கந்தோரிலிருந்து ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் காலையில் அத்தை எங்கள் வாசலுக்கு வந்தார். சேமலாபக் காசு அவர் பேரில் வங்கியில் கிடந்தது. அது ஒரு தடவைதான் வரும். ஒரு துண்டுதான் வாங்கலாம். தப்பானால் போக வேறு இடம் கிடையாது. பசறை வீதியில், பதுளைக்கு இந்தப் பக்கம், கம்பனிக்காரர்கள் காணி விற்கிறார்களாம், ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்க வேண்டும் என்றார்.

“நீயும் வா தம்பி. எழுத்த வாசிச்சுச் சொல்ல ஒரு ஆளு வேணும். அவரு வேற வர்றேன்னு நிக்கிறாரு.”

இரண்டாயிரத்து ஆறு, ஆடி மாதம். காற்று மண்ணைக் கிளப்பிக்கொண்டிருந்தது. மாமா வெள்ளைச் சட்டையில் வந்தார். குடையும் இருந்தது. பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து, ஆடியில் காணி விற்கிறவன் முட்டாள் என்றும், முட்டாளிடம் விலை குறைப்பது சுலபம் என்றும் விளக்கினார். அத்தை முகத்தில் ஆசையைக் காட்டிவிடக் கூடாது, பேச்சைத் தன்னிடம் விட்டுவிட வேண்டும் என்று அவருக்கும் கட்டளை போட்டார். அத்தை ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார்.

காணி நன்றாகத்தான் இருந்தது. எனக்கே கொஞ்சம் ஏமாற்றம். குறை சொல்ல ஏதாவது கிடைக்கும் என்றுதான் நானும் போயிருந்தேன். மாமா காலால் மண்ணை உதைத்துப் பார்த்தார், எல்லைக் கல்லை ஆட்டிப் பார்த்தார். அத்தை நேராகக் கீழ் மூலைக்குப் போனார். அங்கே காய்த்துத் தொங்கும் ஒரு பலாமரமும், பக்கத்தில் பழைய கிணறு ஒன்றும் இருந்தன. அத்தை குனிந்து ஒரு சிறு கல்லை உள்ளே போட்டார். தண்ணீரில் விழுந்த சத்தம் கேட்டது. அவர் நிமிர்ந்தபோது அவர் முகத்தை நான் பார்த்தேன். மாமா பார்த்திருந்தால் பஸ்ஸில் போட்ட கட்டளை என்னவானது என்று கோபித்திருப்பார்.

கூடாரத்துக்குள் மேசை போட்டு, கழுத்தில் டையோடு ஸமீம் என்ற இளைஞர் உட்கார்ந்திருந்தார். பதுளைக்காரர்தான். தமிழ், சிங்களம் இரண்டும் சரளம். அவருக்கு முன்னால் ஒரே ஒரு கதிரை. அதில் மாமா உட்கார்ந்துகொண்டார். அத்தையும் நானும் பின்னால் நின்றோம். பலாமரத்துத் துண்டின் விலையை ஸமீம் சொன்னார். மாமா சிரித்தார். பழைய காலத்து விலைகளைச் சொன்னார், இந்தப் பக்கத்து மண்ணின் வரலாற்றைச் சொன்னார், கிணறு இருக்கிற காணியில் பிள்ளைகள் விழும் என்றார். ஸமீம் எல்லாவற்றையும் மரியாதையாகக் கேட்டார்.

“இது கம்பனி வெல, ஐயா. நானே கேட்டாலும் கொறைக்க ஏலாது.”

“ஒங்க பெரியவரக் கூப்பிடுங்க.”

“அவரு கொழும்புல.”

மாமா தன் தொடையைத் தானே தட்டிக்கொண்டார். முகத்தைச் சுளித்தார். எழுந்தார். போகும்போது குடையால் கூடாரத்துக் கம்பை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, பாதையில் இறங்கி நடந்தார். நல்ல நடை. அவர் சொல்லிக் கொடுத்த எத்தனையோ பேரில் ஒருவராலும் அப்படி நடக்க முடிந்திருக்காது. வளைவு வரைக்கும் போனார். அங்கே ஒரு தேத்தண்ணிக் கடை இருந்தது. அதன் முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். திரும்பிப் பார்க்கவில்லை.

அவர் மறந்துபோனது ஒன்றே ஒன்று. இத்தனை வருடமும் எழுந்து போனவர்களின் பின்னால் குடையைப் பிடித்துக்கொண்டு ஓடியவர் அவர்தான். இன்றைக்கு ஓடி வர ஒரு பொன்னையா இந்தக் கூடாரத்தில் இல்லை. ஸமீம் அவர் போன திசையைக்கூடப் பார்க்கவில்லை. வரிசையில் அடுத்து நின்றவர்களை வரச் சொன்னார்.

அடுத்து நின்றது ஒரு வாத்தியாரும் அவர் மனைவியும். பதுளையில் படிப்பிக்கும் யாழ்ப்பாணத்துக்காரர்கள். அந்த அம்மா மேசையில் ஒட்டியிருந்த வரைபடத்தில் விரலை வைத்தார்.

“அந்த மூலைத் துண்டு இன்னும் இருக்கோ தம்பி? பலா நிக்கிறது.”

ஸமீம் அத்தையை நிமிர்ந்து பார்த்தார். எடுக்கிறீர்களா, இவர்களுக்குக் கொடுக்கட்டுமா என்று கேட்டார். அத்தை வளைவைப் பார்த்தார். வெள்ளைச் சட்டையின் முதுகு தெரிந்தது. அது அசையவில்லை. ஒரு கணம், கூப்பிடுவதற்காக அத்தை வாயைத் திறந்தார் என்றுதான் நினைக்கிறேன். பிறகு மாமா விட்டுப்போன கதிரையில் உட்கார்ந்தார். சேலை முந்தானையில் முடிந்திருந்த வங்கிப் புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்தார்.

“எம் பேருல எழுதுங்க.”

வாத்தியாரின் மனைவி விரலை எடுத்துக்கொண்டார். பத்திரத்தை நான் வாசித்தேன். சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் இருந்தது; தமிழுக்கு இடம் காணவில்லை. தண்ணீர், பாதை, காணி உறுதி எழுதிக் கொடுக்கும் காலம் எல்லாம் சரியாகத்தான் இருந்தன. அத்தை தன் பேரை மெதுவாக எழுதினார். அவருக்கு எழுதத் தெரிந்தது அந்தப் பேர் மட்டும்தான். சாட்சிக் கையெழுத்துக்கு இரண்டு பேர் வேண்டும் என்றார் ஸமீம். ஒன்று நான்.

“போய் மாமாவக் கூப்பிட்டுட்டு வா தம்பி” என்றார் அத்தை.

வளைவுக்குப் போனேன். மாமா தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு, காலிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். என் காலடி கேட்டதும் அவர் தோள் நிமிர்ந்தது. திரும்பவில்லை.

“எவ்வளவு எறங்கினானுங்க, டிகிரி மருமகனே?”

“எறங்கல மாமா. அத்த எடுத்துட்டாங்க.”

“சொன்ன வெலைக்கா?”

“சொன்ன வெலைக்கு.”

கோப்பையைக் கடை மேசையில் வைத்தார். குடையை விரித்தார், மறுபடி மடக்கினார். கோபம் வரும் என்று நின்றேன். வரவில்லை. அவர் முகத்தில் அந்த நேரம் இருந்ததற்கு என்ன பேர் வைப்பது என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. ஏமாந்தவனின் முகம் என்றால் அது எங்கள் அப்பாவிடம் நான் பார்த்த முகமல்ல. எனக்கு அந்த முகத்தைப் பார்ப்பதில் சந்தோஷம் இருக்கும் என்று நினைத்திருந்தேன். அதுவும் இருக்கவில்லை.

“அப்ப எதுக்கு என்னையக் கூப்பிடுறானுங்க?”

“சாட்சிக் கையெழுத்துப் போட.”

குடையை ஊன்றிக்கொண்டு நடந்தார். கூடாரம் நெருங்கியதும் சட்டையின் கழுத்தைச் சரிசெய்துகொண்டார்.

“எப்படியோ கூப்பிட்டானுங்கல்ல” என்றார்.

உட்கார வேறு கதிரை இல்லை. அத்தை எழும்பவுமில்லை. மாமா நின்றபடியே குனிந்து, எத்தனையோ உறுதிகளில் போட்ட அதே வளைந்த கையெழுத்தை, அதே சாட்சி இடத்தில் போட்டார். ஸமீம் அவரிடம் ஒரு துண்டுப் பிரசுரத்தையும் சோற்றுப் பார்சலையும் கொடுத்து, தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார். மாமா இரண்டையும் வாங்கிக்கொண்டார். பிரசுரத்தைச் சட்டைப் பையில் நான்காக மடித்து வைத்ததைப் பார்த்தபோது, எனக்குள் கொஞ்ச நேரமாகத் தடுமாறிக்கொண்டிருந்த இளக்காரம் மறுபடி நிலைக்கு வந்துவிட்டது.

திரும்பும் பஸ்ஸில் அவருக்குப் பக்கத்தில் மேல் தோட்டத்துக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். முன் இருக்கையில் அத்தையும் நானும். பசறை தாண்டுவதற்குள் மாமா கதையைத் தொடங்கிவிட்டார். பலாமரம், கிணறு, மூலைத் துண்டு, வாத்தியார்மாரெல்லாம் போட்டி போட்டது. கம்பனிக்காரன் பிடித்த பிடியில் நின்றதாகவும், தான் எழுந்து வளைவு வரைக்கும் போய்விட்டதாகவும், ஒரு டிகிரிக்காரப் பையனை அனுப்பித் தன்னைத் திருப்பிக் கூப்பிட்டதாகவும் சொன்னார். ஒன்றும் பொய்யில்லை. விலையைப் பற்றி மட்டும் அவர் எதுவும் சொல்லவில்லை. அந்த மனிதர் கேட்கவுமில்லை. அவர் கண் விரிந்து போயிருந்தது. தனக்கும் அடுத்த வருஷம் காசு வரும், ஒரு துண்டு பார்த்துக் கொடுக்க முடியுமா என்று கேட்டார்.

மாமா குடையை மடியில் நேராக வைத்துக்கொண்டார். குரல் பழைய கனத்துக்கு வந்தது.

“கார்த்திகையில வாங்க. நல்ல துண்டா காட்டுறேன்.”

அத்தை ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பாமலே சொன்னார்.

“ஆடியில பாருங்க அண்ணே. எதா இருந்தாலும் ஆடியில போய்ப் பாருங்க.”